இரவின் அரிப்பு: பொறுப்பதா, போக்குவதா?



உழைக்கும் மனிதனுக்கு எந்த முதலாளியும் பிடித்தம் செய்ய முடியாத கூலி ஒன்றுண்டு என்பர். அதுவே உறக்கம். ஆயின் அந்தக் கூலியும் பலருக்கு முழுமையாகக் கைக்கு வருவதில்லை. பாயில் சாய்ந்து கண்ணை மூடியதும் கால் வெட்டி இழுக்கிறது. படியினின்று தவறி விழுந்தாற்போல உடல் தூக்கிப் போடுகிறது. விரலிடுக்கிலும் இடுப்பிலும் முதுகிலும் அரிப்பு எழுகிறது. கெண்டைக் காலுக்குள் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு தோன்றி, காலை நீட்டு, மடக்கு, எழுந்து நட என்று ஏவுகிறது. புரண்டும், சொறிந்தும், மணி பார்த்தும் இரவு கழிகிறது. விடிந்தால் வேலைக்குப் போயாக வேண்டும்.

இவ்வளவு சிறிய தொல்லையைப் பற்றித் தம்மப் பத்திரிகையில் எழுதுவதா என்று சிலர் வினவலாம். பகவன் புத்தர் துக்கத்தை வானத்திலோ பாதாளத்திலோ தேடச் சொல்லவில்லை. உணர்வும் அறிவும் உடைய இந்த உடம்பிலேயே அதனைக் காணவும், அதன் காரணத்தை அறியவும், அதன் முடிவை எய்தவும் சொன்னார். மேலும், பெருந்துன்பம் வரும்போது அண்டை அயலார் வந்து உடன் நிற்பர். நள்ளிரவில் அரிப்போடு விழித்திருப்பவனுக்கு உடன் நிற்பார் யாருமில்லை. அவன் தன் உடம்போடும் தன் மனத்தோடும் தனியே விடப்படுகிறான். அந்த நேரத்தில் அவன் எதை நினைக்கிறான், அவன் கை எங்கே போகிறது என்பதே நாம் இங்கு ஆராயும் பொருள்.

இத்தொல்லைக்கு மூவர் மூன்று விதமாக விடை சொல்லக் கேட்கிறோம். ஒருவர், “இது முற்பிறப்பின் வினைப்பயன், அனுபவித்துத் தீர்” என்கிறார். இன்னொருவர், “உடம்பு பொய், மனத்தை அடக்கி அசையாமல் பொறு” என்கிறார். மூன்றாமவர், “அரித்தால் சொறி, உறக்கம் வராவிட்டால் ஏதேனும் ஒன்றைக் குடித்துவிட்டுப் படு” என்கிறார். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்போம்.

வினைப்பயன் என்பவருக்கு

இராசகிருகத்தின் மூங்கில் வனத்தில் பகவர் தங்கியிருந்தபோது, மோலிய சீவகர் என்னும் பரிவிராசகர் அவரை அணுகி ஒரு கேள்வி கேட்டார். மனிதன் அடையும் இன்பமும் துன்பமும் இரண்டுமற்ற நிலையும், எல்லாம் முன் செய்த வினையால் வருவனவே என்று சில சமணரும் பிராமணரும் கூறுகின்றனரே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது அக்கேள்வி. பகவர் அதை ஒப்பவில்லை. சில வேதனைகள் பித்தத்தால் எழுகின்றன. சில சிலேத்துமத்தால், சில வாயுவால், சில இம்மூன்றின் கலப்பால் எழுகின்றன. சில பருவ மாறுதலால், சில உடம்பை முறைகேடாக வைத்துக்கொள்வதால், சில பிறர் தாக்குதலால் எழுகின்றன. வினையால் எழுவனவும் உள. இவ்வாறு எட்டுக் காரணங்களைச் சொல்லி, எல்லாம் வினையே என்போர் தாமே அறியக்கூடியதையும் உலகம் மெய்யென்று ஒப்புக்கொண்டதையும் தாண்டிப் போகின்றனர் என்று முடித்தார்.

இந்த விடையின் அருமையை நம் மக்களைப் போல் அறிய வேண்டியவர் வேறு யார்? நம் சேரிகளில் சொறி சிரங்கு கண்ட குழந்தையைப் பார்த்து, “இது அவர்கள் பிறப்போடு வந்தது” என்று சொன்ன வாய்கள் எத்தனை! ஊர்க் குளத்தில் இறங்கக் கூடாது, பொதுக் கிணற்றில் குடம் வைக்கக் கூடாது என்று நீரை மறுத்தவர்களே, நீரின்றி வந்த அழுக்கைக் காட்டி, “இவர்கள் அழுக்கர்” என்றும் பேசினர். 1927 மார்ச்சு 20ஆம் நாள் மகாட் நகரத்துச் சவுதார் குளத்திலே அண்ணல் அம்பேத்கர் கையால் அள்ளிக் குடித்த நீர், தாகத்திற்கான நீர் மட்டுமன்று. குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் மனிதனுக்குள்ள உரிமையின் நீர் அது. தோலில் வந்த நோயை வினையின் முத்திரை என்று ஒப்புக்கொண்டவன் குளத்திற்கு நடக்க மாட்டான். மருத்துவரிடமும் நடக்க மாட்டான்.

சொறி சிரங்கின் உண்மைக் காரணம் இன்று ஐயமற விளங்கியிருக்கிறது. இத்தாலி நாட்டில் போனோமோ, செஸ்டோனி என்னும் இருவர் 1687இல் உருப்பெருக்குக் கண்ணாடியின் துணைகொண்டு, அந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணிய பூச்சி என்று எழுதினர். அப்பூச்சி அரை மில்லிமீட்டர் அளவுகூட இராது. பெண் பூச்சி மேல்தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடுகிறது. அதன் உடலும் கழிவும் நம் உடம்புக்கு ஒவ்வாமையை உண்டாக்க, அரிப்பு எழுகிறது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அவர் தம்மை அறியாமலே பிறருக்குத் தந்துவிடுவார். ஒரே அறையில் எட்டுப் பேர் அடுத்தடுத்துப் படுக்கும் வீட்டில் இது பரவ, பூர்வ ஜன்மம் எதற்கு? இடநெருக்கடி போதும். உலகில் எந்த நேரத்திலும் இருபது கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயால் வருந்துகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. 2017இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்ட மக்களிடம் வாழும் நோய், புறக்கணிக்கப்பட்ட நோயாகவே இருந்து வந்ததில் வியப்பென்ன?

ஆதலின், இரவில் வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோர்க்கு அரித்தால், விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, மறைவிடம் ஆகியவற்றில் சிறு பருக்கள் கண்டால், நாணம் கொள்ளாது மருத்துவரிடம் காட்டுக. அவர் பெரும்பாலும் பெர்மெத்ரின் என்னும் களிம்பைத் தருவார். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசி இரவு முழுதும் விட்டுக் காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூசுவது வழக்கம். கைக்குழந்தைக்கும் கருவுற்றவளுக்கும் மருத்துவர் சொல்லும் முறையே முறை. இங்கே ஒன்று முதன்மையானது. அரிப்பவர் மட்டும் பூசிக்கொண்டால் பயனில்லை. அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். உடுத்தியதையும் விரித்ததையும் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஒருவன் தனியே விடுதலை அடைய முடியாத நோய் இது.

பொறுத்திரு என்பவருக்கு

இரண்டாம் விடையைச் சொல்பவர் நம்மவரிலேயே உளர். தியானத்தில் அமர்ந்தவன் கொசு கடித்தாலும் கையை எடுக்கலாகாது, அரித்தாலும் அசையலாகாது என்று பயின்ற இளைஞர்கள், நோயால் வரும் அரிப்பையும் அவ்வாறே பொறுத்துவிட எண்ணுகின்றனர். பொறுமை பெரும் பாரமிதை என்பதில் ஐயமில்லை. ஆனால் மருந்தால் தீரும் துன்பத்தைத் தீர்க்காமல் வைத்துக்கொண்டு பொறுப்பது பொறுமையாகுமா?

விநயத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது. ஆனந்தரின் உபாத்தியாயரான பேலட்டசீசர் என்னும் முதிய பிக்குவுக்குக் கடுமையான சிரங்கு நோய் கண்டது. புண்ணின் நீரால் சீவர ஆடை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மற்றப் பிக்குகள் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து ஆடையை உரித்தெடுத்துக் கொண்டிருந்தனர். உறைவிடங்களைச் சுற்றிப் பார்த்து வந்த பகவர் இதனைக் கண்டார். அருகில் சென்று என்ன நோய் என்று வினவினார். அரிப்போ, கொப்புளமோ, ஒழுகு புண்ணோ, சிரங்கோ உடைய பிக்குகள் மருந்துப் பொடி பயன்படுத்தலாம் என்று அனுமதி தந்தார். அத்தகையோர் புண்ணை மூடிக்கொள்ளத் தனியே ஓர் ஆடை வைத்துக்கொள்ளவும் அனுமதி தந்தார். துறவிக்கு மூன்று சீவரமே உடைமை என்று வரையறுத்தவர், அரிப்பு உடையவனுக்கு இன்னொரு துணி சேர்த்துக் கொடுத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த முதியவரிடம் “பொறு” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அகலவில்லை.

நம் தமிழ்நாட்டில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர் தாமே சித்த மருத்துவர் அன்றோ? நாடி பிடித்த கைதான் தம்மத்தையும் எழுதிற்று. துக்கம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி என்ற நான்கும் மருத்துவன் வரிசையாகவே அமைந்திருப்பதை அறிந்தோர்க்கு இதில் முரண் தோன்றாது.

இளமையில் நூற்பாலையில் இரவு முறை பார்த்த எனக்கு ஓர் உவமை தோன்றுகிறது. கதிரில் ஓடும் இழை அறுந்தால் பிணைப்பது தொழிலாளியின் வேலை. ஒரே கதிரில் இழை மீண்டும் மீண்டும் அறுமானால், பொறுமையோடு பிணைத்துக்கொண்டே இருப்பவனை எந்த மேஸ்திரியும் மெச்ச மாட்டான். வளையத்தின் மேல் ஓடும் டிராவலர் தேய்ந்துவிட்டதா, கூடத்தில் ஈரப்பதம் குறைந்துவிட்டதா, பஞ்சே மட்டமானதா என்று பார்ப்பவனே தொழில் தெரிந்தவன். உறக்கம் என்னும் இழை நாள்தோறும் ஒரே இடத்தில் அறுந்தால், அங்கே ஏதோ தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

தேய்மானம் எங்கே என்று அறியச் சில அடையாளங்களைச் சொல்வேன். உறக்கத்தின் வாசலில் உடல் ஒருமுறை தூக்கிப் போடுவதும், விழுவது போல் திடுக்கிடுவதும் பெரும்பாலான மனிதர்க்கு எப்போதாவது நேர்வது. தசைகள் விழிப்பினின்று உறக்கத்துக்கு மாறும் வேளையில் எழும் துடிப்பு அது. மிகுந்த களைப்பும், கவலையும், மாலைக்குமேல் குடித்த தேநீரும், நேரம் தவறிய உறக்கமும் அதை மிகுவிக்கும். அஃது இதயம் நின்றதன் அறிகுறியன்று, பேய் அமுக்கியதன்று, எவரும் செய்த ஏவலும் அன்று. அச்சம் நீங்கினாலே பாதித் தொல்லை நீங்கும்.

காலுக்குள் ஊரும் குறுகுறுப்பு வேறு. ஓய்ந்திருக்கும்போது எழுவதும், மாலையிலும் இரவிலும் மிகுவதும், காலை அசைத்தால் தணிவதும் அதன் இலக்கணம். ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672இலேயே இதனை எழுதி வைத்தார். சுவீடன் நாட்டு எக்பாம் 1945இல் இதனைத் தனி நோயாக விளக்கினார். இரும்புச் சத்துக் குறைவும், கருப்பமும், சிறுநீரகப் பழுதும் இதனை உண்டாக்கும் காரணங்களில் அடங்கும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் நம் தாய்மாரும் தங்கைமாரும் இரவில் கால் இருப்புக் கொள்ளாமல் எழுந்து நடந்தால், “இவளுக்கு மனம் சரியில்லை” என்று சொல்லுமுன் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். ஃபெரிட்டின் என்னும் இரும்புச் சேமிப்பின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அவள் தட்டில் கீரையும் பயறும் முட்டையும் முதலில் விழட்டும். மருத்துவர் சொன்னால் இரும்பு மாத்திரையும் உண்ணட்டும். அரிப்புக்கென்று கடையில் வாங்கும் தூக்க மயக்கம் தரும் மாத்திரைகளுள் சில இக்கால் தொல்லையை மிகுவிக்கும் என்பதையும் அறிந்திருப்பது நன்று.

தோலில் ஒரு பருவும் இல்லாமல் உடம்பெங்கும் அரித்தால், வறண்ட தோலே காரணமாக இருக்கலாம். குறிப்பாகக் குளிர் மாதங்களில், சுடுநீரில் நெடுநேரம் குளிப்போர்க்கும் முதியோர்க்கும் இவ்வாறு நேரும். குளித்தவுடன் ஈரத்தின் மேலேயே தேங்காயெண்ணெய் தடவினால் பலருக்கு அடங்கிவிடும். அடங்காது வாரக்கணக்கில் நீண்டால், கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, நீரிழிவு ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும். கண் மஞ்சளித்தாலும், உடல் மெலிந்துகொண்டே வந்தாலும், கருவுற்ற பெண்ணுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தாலும் நாள் கடத்தலாகாது.

சொறிந்துவிடு என்பவருக்கு

மூன்றாம் விடை எளிது, ஆதலின் ஆபத்தானது. சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்னும் ஜெர்மன் மருத்துவர் 1660இல் அரிப்புக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். சொறிய வேண்டும் என்ற விருப்பத்தை எழுப்பும் விரும்பத்தகாத உணர்ச்சியே அரிப்பு என்பது அது. இன்றளவும் மருத்துவர்கள் அதைவிடச் சிறந்த இலக்கணம் காணவில்லை. வலிக்கும் அரிப்புக்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப் பாருங்கள். வலி எழுந்தால் கை விலகும். அரிப்பு எழுந்தால் கை நெருங்கும். வேதனையினின்று வேட்கை பிறக்கிறது என்று பிரதீத்ய சமுத்பாதம் கூறுவதைக் கற்றோர் பல நாள் விளக்கிக் கேட்கிறோம். அதனை ஒரு நொடியில் தன் தோலின் மேலேயே காண விரும்புபவன் அரிப்பைப் பார்க்கட்டும்.

சொறிவதால் உண்மையில் நிகழ்வது யாது? நகம் கீறும்போது ஒரு சிறு வலி உண்டாகிறது. அவ்வலி முதுகுத் தண்டு வழியே செல்லும் அரிப்பின் செய்தியைச் சற்றே அமுக்குகிறது. அதுவே நாம் உணரும் சுகம். கீறிய தோல் புண்பட்டுச் சிவக்கிறது, புண்பட்ட தோல் மேலும் அரிக்கிறது, மேலும் சொறிகிறோம். இரவில் இச்சுழல் வேகம் கொள்கிறது. அப்போது தோலின் சூடு ஏறுகிறது, தோலின் ஈரம் மிகுதியாக வெளியேறுகிறது, அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு குறைகிறது. பகலில் வேலையில் ஊன்றியிருந்த மனத்துக்கும் வேறு பற்றுக்கோடு இல்லை.

பகவர் மாகண்டியர் என்னும் பரிவிராசகருக்குச் சொன்ன உவமை இங்கு நினைக்கத்தக்கது. தொழுநோயாளி ஒருவன் புழுக்கள் அரிக்க, நகத்தால் புண்ணைக் கீறுகிறான். கரிநெருப்பின் மேல் உடம்பைக் காய்ச்சுகிறான். செய்யச் செய்யப் புண் அசுத்தமடைந்து நாறுகிறது. எனினும் அவனுக்கு ஒரு சிறிது சுகமும் தோன்றுகிறது. பின்னர் மருத்துவன் அவன் நோயைத் தீர்க்கிறான். குணமடைந்தவனை இரண்டு வலியர் பிடித்து அதே நெருப்புக்கு இழுத்தால், அவன் திமிறுவான் அல்லவா? நெருப்பு அன்றும் சுட்டது; இன்றும் சுடுகிறது. அன்று நோய் அவன் அறிவைத் திரித்து, சுடுவதைச் சுகமெனக் காட்டிற்று. அரிப்பு இல்லாதவனுக்குச் சொறிவதில் சுகமில்லை. இச்சுகம் நோய் கொடுத்த கடன். வட்டியோடு திரும்பப் பெறும்.

இரவில் உறக்கத்துக்கென்று நாடும் வேறு சில பொருள்களும் இவ்வகையினவே. மது மயக்கி உறங்கச் செய்யும். பின்னிரவில் உறக்கத்தைக் கிழித்துவிடும். உறக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கியவன் நாளடைவில் குடியாமல் உறங்க இயலாதவன் ஆகிறான். பஞ்ச சீலத்தில் ஐந்தாவதை ஏற்றவர்க்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் அத்தன்மையதே. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும்; உள்ளே பூஞ்சை வளர்ந்து இரண்டு பங்காய் வெளிப்படும். எளிதில் அடங்காத படர்தாமரை இன்று நம் நாடெங்கும் பரவியிருப்பதற்கு இத்தகைய களிம்புகளின் தவறான பயனும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். சொறிவதற்கு நகம் வேண்டும் என்பதில்லை. களிம்பாலும் சொறியலாம், கிண்ணத்தாலும் சொறியலாம்.

எஞ்சி நிற்கும் அரிப்பு

மூன்று விடைகளும் தவறினால் நேர் வழி யாது? காரணம் உள்ள துன்பத்துக்குக் காரணத்தைத் தேடு. தீர்க்கக் கூடியதைத் தீர். அதன்பின் எஞ்சி நிற்பதையே பொறுமைக்கு உரியதாகக் கொள். இந்த வரிசை மாறக் கூடாது. மருந்து செய்ய வேண்டிய வேலையைத் தியானத்தின் தலையிலும், தியானம் செய்ய வேண்டிய வேலையை மருந்தின் தலையிலும் ஏற்றாதிருப்பதே இங்கு மத்திம மார்க்கம்.

எஞ்சி நிற்பது உண்டா என்றால், உண்டு. சிரங்குப் பூச்சி முழுதும் செத்த பின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கலாம். பூச்சி போயிற்று, உடம்பு இன்னும் அதை நினைத்துக்கொண்டிருக்கிறது. மருந்து பலிக்கவில்லை என்று அஞ்சி நாள்தோறும் களிம்பைப் பூசுவோர் தோலையே புண்ணாக்கிக் கொள்கின்றனர். முதிர்ந்த வயதின் வறட்சியும், நீண்ட நாள் நோய்களின் அரிப்பும் குறையுமே அன்றி ஒரேயடியாக மறையா. பாவா நகரத்தில் மல்லர்கள் கட்டிய புதிய மண்டபத்தில் பகவர் தாமே, முதுகு நோகிறது, சற்றுச் சாய்கிறேன் என்று சாரிபுத்திரரிடம் பேருரையை ஒப்படைத்துப் படுத்தார். ததாகதரின் முதுகே நோகுமாயின், நம் முதுகு அரிப்பதில் இழுக்கென்ன? தம்மம் உடம்பை நோவற்றதாக்கும் என்று யாரும் நமக்கு வாக்குத் தரவில்லை.

அந்த நேரத்தில் செய்யத்தக்கதைச் சொல்கிறேன். நகத்தை ஒட்ட வெட்டியிருங்கள். அரிப்பு எழுந்ததும் கை புறப்படும். புறப்படும் கையை அறியுங்கள். அதட்டி நிறுத்த வேண்டாம். அறிந்தாலே அது தாமதிக்கும். பின் அந்த இடத்தைக் கவனியுங்கள். “எனக்கு அரிக்கிறது” என்ற சொல்லை விட்டு, அங்கே இருப்பது சூடா, குத்தலா, ஊர்தலா, எவ்வளவு அகலம், நிற்கிறதா நகர்கிறதா என்று பாருங்கள். பொறுக்கவே முடியாத ஒரே பொருளாகத் தோன்றியது, எழுந்து ஏறி இறங்கும் பல சிறு உணர்ச்சிகளாகப் பிரிவதைக் காண்பீர்கள். அநித்தியம் என்று நாவால் நூறு முறை சொல்வதைவிட இவ்வாறு ஒருமுறை கண்டது மேல். சில நிமிடத்தில் தணியாவிட்டால் ஈரத் துணியை வைத்து அழுத்துங்கள், அல்லது உள்ளங்கையால் தட்டிக் கொடுங்கள். கவனித்து விட்டுக் கையை வைப்பதற்கும், அரிப்பு இழுத்த இழுப்பில் கை ஓடுவதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. அரிப்புக்கும் கைக்கும் நடுவே ஒரு மூச்சளவு இடமுண்டு. கோபத்துக்கும் வசைச் சொல்லுக்கும் நடுவிலும், ஆசைக்கும் களவுக்கும் நடுவிலும் இருக்கும் அதே இடம் அது. அவ்விடத்தில் நிற்கப் பழகுவதற்கே சீலம் என்று பெயர்.

பகவர் இரண்டு அம்புகளின் உவமையை அருளினார். உடம்பில் தைப்பது முதல் அம்பு; அதனால் மனம் புலம்பித் தைத்துக்கொள்வது இரண்டாவது அம்பு. இரவில் இரண்டாவது அம்பின் வாசகம் எல்லார்க்கும் ஒன்றே: “மணி இரண்டாயிற்றே! நாளை எப்படி வேலை செய்வேன்? இந்த இரவு போயிற்றே!” உறக்கம் கட்டளைக்கு வரும் ஊழியன் அன்று, விரட்ட விரட்ட விலகும். இருபது நிமிடம் அளவில் உறக்கம் வராவிட்டால் படுக்கையில் போராடாமல் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் அசதி கொண்டபின் மீண்டும் படுப்பது நலம். எந்நேரம் உறங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது நலம். மாலை ஆறு மணிக்குக் குடித்த தேநீரின் ஊக்கப் பொருளில் ஏறத்தாழப் பாதி, இரவு பதினொரு மணிக்கும் இரத்தத்தில் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். வாரம் ஒரு முறை வேலை நேரம் மாறும் தொழிலாளர்க்கு இவ்விதிகள் முழுதும் பொருந்தா. அவர்க்கு வேண்டியது பகலில் இருட்டாக்கிய ஓர் அறையும், கதவைத் தட்டாத அண்டை வீட்டாரும்.

உறங்காதவனைப் பழித்தல் ஆகாது

ஆளவி நாட்டில், பனி பெய்யும் கடுங்குளிர் நாளில், மாட்டுத் தடத்தின் மேல் உதிர்ந்த இலைகளைப் பரப்பிப் பகவர் அமர்ந்திருந்தார். ஹத்தகர் என்னும் இளவரசர் கண்டு, நன்றாக உறங்கினீர்களா என்று கேட்டார். நன்றாகவே உறங்கினேன், உலகில் நன்கு உறங்குவோருள் நானும் ஒருவன் என்றார் பகவர். மாளிகையில் மெத்தை மேல் படுத்தவனும் ராகத்தாலும் துவேஷத்தாலும் மோகத்தாலும் வெந்தால் உறங்க மாட்டான் என்றும் விளக்கினார். இக்கதையைத் திரித்து, உறங்காதவரைக் குற்றவாளி ஆக்குவோர் உண்டு. ஆசையில் வேகிறவன் உறங்கான் என்பது மெய். உறங்காதவரெல்லாம் ஆசையில் வேகிறவர் என்பது மெய்யன்று. குளிர்காய நெருப்பு இல்லாத ஏழையும், இரும்புச் சத்து இல்லாத தாயும், பூச்சி குடைந்த குழந்தையும் உறங்குவதில்லை. அவர்களிடம் போய் மனத் தூய்மையைப் பேசுவது தம்மத்துக்கே அவதூறு.

ஆகவே தோழர்களே, நம் வீட்டிலும் தெருவிலும் உறக்கம் அறுந்தோரைத் தேடிக் கேளுங்கள். மைத்திரி பாவனை செய்பவன் சுகமாக உறங்கி, சுகமாக விழித்து, தீய கனவு காணான் என்று பகவர் அதன் பதினொரு பயன்களைச் சொல்லத் தொடங்கினார். அந்த மைத்திரி பாயில் படுத்து நினைக்கும் நினைப்போடு நின்றுவிட வேண்டாம். நோயைச் சொல்ல நாணும் பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் உபாசிகையும், தெருவார் அனைவர்க்கும் ஒரே நாளில் களிம்பு கிடைக்கப் பொதுச் சுகாதார நிலையத்தில் போய்க் கேட்கும் இளைஞனும், இரவு முறை முடித்து வந்து பகலில் உறங்கும் அண்டை வீட்டானுக்காக வானொலியைத் தாழ்த்தும் சிறுவனும் செய்வது மைத்திரியே. ஒட்டிய ஆடையை நீர் விட்டு உரித்த அப்பிக்குகள் அன்று செய்ததும் அதுவே. பிறர் உறக்கத்தைக் காத்தவனுக்குத் தன் அரிப்பும் சற்றே சிறியதாகத் தோன்றும்.

நமோ புத்தாய!